டிசைன் மேடை: யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

டிசைன் கான்ஃபரன்ஸ் பேச்சாளர்கள் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் டிசைன் படிக்கும் மாணவி. முதல் முறையாக ஒரு விஷுவல் டிசைன் கான்ஃபரன்ஸுக்குப் போகப்போகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அரங்குகளில் பேச்சு நடக்குமாம். கேள்விப்பட்ட பெரிய பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

பெரிய பெயர்களைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லைம்மா, போய்ப் பாருங்கள். ஆனால் நாள் முழுக்க அதையே செய்யாதீர்கள். பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இவர் தன் வேலையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுவாரா? நிகழ்ச்சி நிரலில் உள்ள தலைப்பைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். 'படைப்பாற்றலின் எதிர்காலம்' என்று ஒருவர் பேசுகிறார், பக்கத்து அரங்கில் இன்னொருவர் தொலைபேசிப் புத்தகத்துக்கு எழுத்துரு செய்த கதையைச் சொல்கிறார் என்றால், யோசிக்காமல் இரண்டாவது அரங்குக்கு ஓடுங்கள்.

தொலைபேசிப் புத்தகம் என்று சும்மா சொல்லவில்லை. மேத்யூ கார்ட்டர் 2014-ல் டெட் (TED) என்ற பிரபலமான பேச்சு மேடையில் பேசியதைத் தேடிப் பாருங்கள். அமெரிக்கத் தொலைபேசிப் புத்தகத்துக்காக அவர் 1978-ல் செய்த எழுத்துரு பெல் சென்டென்னியல். மட்டமான தாள், அசுர வேகத்தில் ஓடும் அச்சு இயந்திரம், பொடிப்பொடி எழுத்து. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? எழுத்தின் இரண்டு கோடுகள் சந்திக்கிற மூலையில் மை கசிந்து அடைத்துக்கொள்ளும். கார்ட்டர் என்ன செய்தார் என்றால், மை எங்கெல்லாம் பரவும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்த மூலைகளில் சின்னச் சின்ன வெட்டுகள் வைத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைக் கரையான் அரித்த மாதிரி இருக்கும், அச்சில் வந்தால் மை அந்த வெட்டுகளில் போய் நிரம்பி எழுத்து சுத்தமாக நிற்கும். பல ஆண்டுகள் கழித்து, 1996-ல் வந்த வெர்டானா என்ற கணினி எழுத்துருவுக்கும் அதே மூளைதான் வேலை செய்தது. அன்றைய கணினித் திரையில் இருந்ததே கொஞ்சம் புள்ளிகள், அதனால் அவர் முதலில் புள்ளிகளாகவே எழுத்தை அடுக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அதைச் சுற்றி வளைவுகளை வரைந்தார். இதையெல்லாம் அலட்டல் இல்லாமல், குரலைக்கூட உயர்த்தாமல் சொல்வார். கேட்டு முடித்தால், நமக்கும் நம் வேலையில் உள்ள தடை என்னவென்று உட்கார்ந்து பார்க்கத் தோன்றும்.

ஆனி அட்கின்ஸ் பேசும் வாய்ப்பு கிடைத்தாலும் விடாதீர்கள். சினிமாவுக்குள் வருகிற கடிதம், பாஸ்போர்ட், செய்தித்தாள், பெட்டி எல்லாவற்றையும் டிசைன் செய்பவர். 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' படத்தில் வரும் இளஞ்சிவப்பு இனிப்புப் பெட்டியில் 'பாட்டிசெரி' என்ற பிரெஞ்சுச் சொல்லில் ஒரு 'டி' (t) கூடுதலாக விழுந்துவிட்டது. பெட்டிகள் செய்து, படப்பிடிப்பும் நடந்த பிறகுதான் யாரோ கவனித்தார்கள், கணினியில் ஒவ்வொரு காட்சியாகத் திருத்த வேண்டியதாயிற்று. உலகமே கொண்டாடிய அந்தப் பெட்டியின் கதையில் இந்தப் பிழையையும் சேர்த்தே அவர் சொல்கிறார். மேடையில் இப்படித் திறந்து பேசுகிறவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், நம்பிப் போகலாம்.

கேள்வி: கான்ஃபரன்ஸில் பேச்சு கேட்கும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. திரும்பி வந்து இரண்டு நாளில் எல்லாம் வடிந்துவிடுகிறது, பழையபடி அதே பேனர், அதே கிளையன்ட். இந்த ஊக்கத்தை எப்படித் தக்கவைப்பது? — லோகோ, பேனர் வேலை செய்யும் வாசகர்

சிலிர்ப்பு வடியத்தான் செய்யும், அதைப் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள். பேச்சிலிருந்து கையோடு எடுத்துப்போகிற மாதிரி ஒரு பொருள் கிடைத்ததா என்று மட்டும் பாருங்கள்.

ரோமன் மார்ஸ் என்பவர் டிசைனரே இல்லை, '99% இன்விசிபிள்' என்ற ஒலி நிகழ்ச்சி நடத்துபவர். 2015-ல் டெட் மேடையில் நகரக் கொடிகளின் டிசைன் எவ்வளவு மோசம் என்று பேசினார். அதில் கொடி ஆய்வாளர்களிடமிருந்து எடுத்துச் சொன்ன ஒரு யுக்தி இருக்கிறது: கொடி வரைய வேண்டுமானால், 1 அங்குல உயரம், 1½ அங்குல அகலத்தில் தாளில் ஒரு கட்டம் போடு, உன் டிசைன் அதற்குள் அடங்க வேண்டும். ஏனென்றால் 100 அடி தூரத்தில் கம்பத்தில் பறக்கிற பெரிய கொடி நம் கண்ணுக்கு ஏறக்குறைய அந்த அளவில்தான் தெரியும். அவ்வளவுதான் விஷயம். இது கொடிக்கு மட்டும் இல்லை, உங்கள் லோகோவுக்கும் பேனருக்கும் அப்படியே பொருந்தும். மறுநாள் காலையே பென்சிலை எடுத்துக் கட்டம் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பேச்சில் அடி வாங்கிய கொடிகளில் ஒன்று அமெரிக்காவின் போகடெல்லோ நகரத்துடையது. ஒரு பழைய வாக்கெடுப்பில் 150 நகரக் கொடிகளில் கடைசி இடம் அதற்குத்தான். அந்த ஊர்க்காரர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு ரோஷப்பட்டு, குழு அமைத்து, 2017-ல் கொடியையே மாற்றிவிட்டார்கள்! ஒரு பேச்சு ஒரு நகரத்தின் கொடியை மாற்றியது என்றால் அதற்குக் காரணம் சிலிர்ப்பு மட்டும் இல்லை, எப்படி மாற்றுவது என்ற வழியையும் அவர் சேர்த்துச் சொன்னதுதான்.

சிப் கிட் இன்னொரு உதாரணம். 'ஜுராசிக் பார்க்' நாவலுக்கு டைனோசர் எலும்புக்கூட்டை அட்டையில் போட்டவர். 2012-ல் பேசும்போது, கல்லூரியில் டிசைன் வகுப்பின் முதல் நாள் தன் ஆசிரியர் நடத்திய பாடத்தைச் சொன்னார். பலகையில் ஆப்பிள் படம், அதற்குக் கீழே 'ஆப்பிள்' என்ற சொல். ஆசிரியர் படத்தை மறைத்தார்: சொல்லை மட்டும் காட்டலாம். அப்புறம் சொல்லை மறைத்தார்: படத்தை மட்டும் காட்டலாம். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் பார்ப்பவரை முட்டாளாக நினைக்கிறாய் என்று அர்த்தம். நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் பேனரை எடுத்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: படம் சொன்னதையே எழுத்தும் திரும்பச் சொல்கிறதா? பத்துப் பேச்சு கேட்டால் பத்துப் பக்கம் குறிப்பு எடுக்கிறோம், திறந்தே பார்ப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு பேச்சுக்கு ஒரு வரி போதும், அதுவும் 'என்ன சொன்னார்' என்று வேண்டாம், 'நான் எந்த வேலையில் இதைச் செய்து பார்ப்பேன்' என்று எழுதுங்கள். கிளையன்டின் பெயரோடு எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் 7 ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டூடியோவை மூடிவிட்டு ஒரு வருடம் லீவு எடுப்பாராமே. அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

அவசரப்பட வேண்டாம் தம்பி. 2009-ல் அவர் பேசியதை இன்னொரு முறை முழுதாகக் கேளுங்கள். முதல் 25 ஆண்டு படிப்பு, அடுத்த 40 ஆண்டு வேலை, கடைசி 15 ஆண்டு ஓய்வு. அந்த ஓய்விலிருந்து 5 ஆண்டை வெட்டி எடுத்து வேலைக்கு நடுவே செருகுகிறேன் என்பது அவர் கணக்கு. எல்லோர் நினைவிலும் நிற்பது இந்தப் பகுதிதான். இதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் காதில் விழுவதில்லை: முதல் தடவை எந்தத் திட்டமும் இல்லாமல் லீவு எடுத்ததில் அது வேலைக்கு ஆகவில்லை, வந்து குவிந்த சின்னச் சின்னக் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லியே நேரம் போயிற்று. பிறகு செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் பட்டியல் போட்டு, பள்ளிக்கூட அட்டவணை மாதிரி மணி வாரியாகப் பிரித்த பிறகுதான் லீவு பயன்பட்டது. தவிர, அப்போதே அவர் பெயரெடுத்த ஸ்டூடியோ நடத்தியவர், மூடினாலும் கிளையன்ட்கள் திரும்பி வந்தார்கள். உங்கள் நிலைமை அது இல்லை என்றால், வாரத்தில் ஒரு சாயங்காலத்தை மணி குறித்து ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் கிளையன்ட் வேலையைத் தொடாதீர்கள். மேடையில் கேட்பது அவர் வாழ்க்கைக்கு அவர் கண்டுபிடித்த விடை, அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்குப் போட்ட முறையை.

கேள்வி: சார், நான் மருந்து லேபிள், மருந்து அட்டைப்பெட்டி டிசைன் செய்கிறேன். ஒரு கான்ஃபரன்ஸில் 20 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசுபவர் சினிமா போஸ்டர் செய்பவர். என் வேலையைக் காட்டினால் தூங்கிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

எனக்கு இந்தக் கடிதம்தான் ரொம்பப் பிடித்தது. மருந்து லேபிளை விடப் பெரிய கதை எந்த சினிமா போஸ்டரில் இருக்கிறது?

டெபோரா ஆட்லர் என்று ஒரு டிசைனர். அவருடைய பாட்டி ஒருநாள் தாத்தாவின் மாத்திரையைத் தன்னுடையது என்று நினைத்து விழுங்கிவிட்டார். காரணம், இரண்டு பேருக்கும் ஒரே மருந்துக் கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் புட்டி, இரண்டிலும் ஒரே மருந்து, அளவு மட்டும் வேறு. ஆட்லர் அப்போது நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் முதுகலை மாணவி. அந்தப் புட்டியையே தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். உருண்டைப் புட்டியில் லேபிளைப் படிக்கத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது, லேபிளில் இருப்பதிலேயே பெரிதாகத் தெரிவது கடையின் லோகோ, மருந்தின் பெயர் எங்கோ கீழே. அவர் இதைத் தலைகீழாக்கினார். மருந்தின் பெயர் மேலே, அடுத்து எப்படிச் சாப்பிடுவது என்ற குறிப்பு, கடையின் விவரம் அடியில். 2005-ல் டார்கெட் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் இதைத் தன் மருந்தகங்களில் கொண்டுவந்தபோது புட்டியின் பக்கம் தட்டையாகியிருந்தது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் கழுத்து வளையம் வேறு. 2015 கடைசியில் டார்கெட் தன் மருந்தகங்களை வேறு நிறுவனத்துக்கு விற்றது, அந்தப் புட்டியும் போயிற்று. பயன்படுத்திப் பழகியவர்கள் அதைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டார்கள், ஒரு லேபிளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆக, உங்களிடமும் இப்படி ஒன்று கண்டிப்பாக இருக்கும். 20 நிமிடத்துக்கு ஒரே ஒரு லேபிள் போதும். உங்களைப் பற்றிய அறிமுகம், படித்த இடம், வாங்கிய விருது எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம், அதைத் தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார். முதல் ஸ்லைடிலேயே பழைய லேபிளைத் திரை முழுக்கக் காட்டுங்கள். கூட்டத்தைப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை சாப்பிட வேண்டும் என்று இதில் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அவர்களே தேடித் திணறட்டும், அதற்குப் பிறகு யாரும் தூங்க மாட்டார்கள். அப்புறம் நீங்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்: இந்த எண் ஏன் பெரிதாயிற்று, இந்தச் சிவப்பு ஏன் போயிற்று, சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய வரி எது, அதற்கு எப்படி இடம் பிடித்தீர்கள். நிராகரித்த மாதிரிகளைக் கட்டாயம் காட்டுங்கள், டிசைனர்கள் ஆசையாகப் பார்ப்பதே அதைத்தான். கிளையன்டிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டால் நல்ல ஸ்லைடெல்லாம் பறிபோகும்.

ஸ்லைடு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்லைடு முழுக்க எழுத்து வைத்து அதையே வாசிப்பது, நான் மேலே சொன்ன ஆப்பிள் பாடத்துக்கு நேர் எதிரான வேலை. நேரம் பற்றிப் பயமாக இருந்தால் பெச்சாகுச்சா முறையில் பழகிப் பாருங்கள். 2003-ல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கியது: 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி, தானாக நகரும், மொத்தம் 6 நிமிடம் 40 வினாடி. உங்கள் பேச்சை முதலில் இதற்குள் சொல்லிப் பாருங்கள். எது இல்லாமலே கதை நிற்கிறது என்று தெரிந்துவிடும், மீதி நேரத்தை நல்ல இடங்களில் நிதானமாகச் செலவழிக்கலாம்.

கேள்வி: பேச்சாளர்களை விட, வந்திருப்பவர்களோடு பழகுவதுதான் கான்ஃபரன்ஸின் பலன் என்கிறார்கள். எனக்குப் புதியவர்களிடம் பேசவே வராது.

கூட்டத்தில் எல்லோரிடமும் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஒருவரிடம் பேசினால்கூடப் போதும். ஜார்ஜியா லூப்பி, ஸ்டெஃபனி போசாவெக் இருவரும் தகவல்களைப் படமாக்குபவர்கள், 'ஐயோ' (Eyeo) என்ற டிசைன் விழாவில் பழக்கமானவர்கள். ஒருவர் நியூயார்க்கில், மற்றவர் லண்டனில். நேரில் இரண்டே முறை சந்தித்திருந்த நிலையில் ஒரு திட்டம் போட்டார்கள்: ஓர் ஆண்டு முழுக்க, வாரம் ஒரு தலைப்பு, அந்த வாரம் தன் வாழ்க்கையில் நடந்ததைக் கணக்கெடுத்து அஞ்சலட்டையில் கையால் வரைந்து மற்றவருக்கு அனுப்புவது. முதல் வாரத் தலைப்பு, எத்தனை முறை மணி பார்த்தேன் என்பது! முன்பக்கம் படம், பின்பக்கம் அதைப் படிப்பதற்கான விளக்கம். 52 வாரம் அப்படியே செய்தார்கள். 'டியர் டேட்டா' என்ற அந்த அஞ்சலட்டைகளை 2016-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிச் சேகரிப்பில் வைத்துக்கொண்டது. இருவருமே அதிகம் பேசித்தான் நண்பர்களாக வேண்டும் என்று இருக்கவில்லை, வரைந்தே நண்பர்கள் ஆனார்கள். பேச வராவிட்டால் நீங்கள் செய்த ஏதாவது ஒன்றின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள், அதை நீட்டினால் பேச்சை எதிராளியே ஆரம்பிப்பார்.

கேள்வி: எல்லாப் பேச்சும் வீடியோவாக வந்துவிடுகிறதே, நேரில் போகத்தான் வேண்டுமா?

கையில் காசு இல்லை என்றால் வேண்டாம், வீடியோ போதும், அதில் குறைவொன்றும் இல்லை. 1951-லிருந்து நடந்த ஆஸ்பென் சர்வதேச டிசைன் மாநாட்டில் 1983-ல் 28 வயது ஸ்டீவ் ஜாப்ஸ் பேசினார். ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி அப்போது வெளிவரவே இல்லை. கணினி எல்லோர் மேசைக்கும் வரத்தான் போகிறது, அது அசிங்கமாக வருவதற்கும் அழகாக வருவதற்கும் செலவு ஒன்றுதான், உங்கள் உதவி எங்களுக்கு வேண்டும் என்று டிசைனர்களிடம் கேட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பேச்சின் ஒலிநாடா வெளிவந்தபோது கேட்டவர்களுக்கும் அது அப்படியே உறைத்தது. ஆகவே, நல்ல பேச்சு பதிவிலும் நிற்கும். நேரில் போனால் கிடைப்பது கேள்வி கேட்கும் வாய்ப்பு.

கேள்வி: டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சியில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள், பணம் கிடையாது, 'நல்ல அறிமுகம் கிடைக்கும்' என்கிறார்கள். போகலாமா? — ஃப்ரீலான்ஸ் டிசைனர்

யாருக்குப் பணம் போகிறது என்று பாருங்கள். கிரியேட்டிவ் மார்னிங்ஸ் மாதிரி, 2008-ல் டீனா ராத் ஐசன்பெர்க் நியூயார்க்கில் தொடங்கி இன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் காலைப் பேச்சுக் கூட்டம், வருபவர்களுக்கும் கட்டணம் இல்லை என்றால் சந்தோஷமாகப் போய்ப் பேசுங்கள். டிக்கெட் விற்று, விளம்பரதாரரும் பிடித்து, பேசுபவருக்கு மட்டும் அறிமுகம் என்றால் அது நியாயமே இல்லை. குறைந்தபட்சம் பயணச் செலவும் தங்குமிடமும் கேளுங்கள், கட்டணமும் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், மைக் மான்டெய்ரோ என்ற டிசைனர் 2011-ல் அதே கிரியேட்டிவ் மார்னிங்ஸ் மேடையில், சான் ஃபிரான்சிஸ்கோவில் பேசியதைப் பாருங்கள். தலைப்பிலேயே கெட்ட வார்த்தை இருக்கும், வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். தன் வக்கீலையே கூட்டிக்கொண்டு வந்து, ஒப்பந்தம் இல்லாமல் வேலையைத் தொடாதே, முழுப் பணம் வரும்வரை வேலையின் உரிமை உன்னுடையது என்று ஒவ்வொன்றாக விளக்குவார். டிசைனர்கள் எனக்குச் சொல்கிற வருத்தங்களில் பாதி, இந்த ஒரு பேச்சைச் சரியான நேரத்தில் கேட்டிருந்தால் வந்திருக்காது.

கேள்வி: பேச்சு முடிந்ததும் 'கேள்வி இருக்கிறதா' என்று மைக்கை நீட்டுவார்கள். நல்ல கேள்வி எது?

'உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லா மேடையிலும் கேட்டாகிவிட்டது, பதிலும் தயாராக வைத்திருப்பார்கள். அவர் காட்டிய ஒரு குறிப்பிட்ட ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிட்டி வங்கியின் லோகோவைப் பௌலா ஷெர் என்ற டிசைனர் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே ஒரு கைத்துடைப்புத் தாளில் கிறுக்கினார் என்பது பிரபலமான கதை. நடுவில் உள்ள 'டி' (t) எழுத்தின் மேல் ஒரு வளைவு, சிட்டி உருவாக இணைந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றின் பழைய அடையாளமான குடை அதில் வந்துவிட்டது. கேட்பவர் எல்லோரும் அந்தச் சில வினாடிகளைப் பார்த்து வியந்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்து கேட்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை: வரைந்தது நொடியில் என்றால் அதை ஒத்துக்கொள்ள வைக்க எவ்வளவு காலம் பிடித்தது, அந்த அறையில் யார் வேண்டாம் என்றார்கள், அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, மைக் வந்ததும் உங்களைப் பற்றிய முன்னுரை இல்லாமல் அதை மட்டும் கேளுங்கள்.